மொட்டைமாடியைத் துளைத்தது நிர்வாகம், ஒழுகுவது என் அறை: யார் பொறுப்பு?

கேள்வி: யாழ்ப்பாணம் நல்லூர்ப் பக்கம் ஒரு தொடர்மாடியின் மேல்தளத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. போன வருடம் ஆவணியில் நிர்வாகம் மொட்டைமாடியில் சோலார் பூட்ட ஆள் விட்டது. கொங்கிறீட்டைத் துளைத்துச் சோலாரைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தை இறுக்கினார்கள். ஐப்பசி மழைக்கு என் படுக்கையறை ஒழுகத் தொடங்கியது. சீலிங் ஊறி விழுந்து அலுமாரி, மெத்தை, கூறைச்சேலை எல்லாம் நாசம். கேட்டால், “கொந்தராத்துக்காரனைக் கேளுங்கோ ரீச்சர்” என்கிறார் செயலாளர். அவர் எனக்குச் சொந்தக்காரப் பிள்ளை வேறு. கோபத்தில் மாதாந்தப் பராமரிப்புக் காசை நிறுத்திவிட்டேன். செய்தது சரியா?

பதில்: சரியில்லை, ரீச்சர். முதலில் அந்தக் காசைக் கட்டிவிடுங்கள். அவர்கள் கேட்பது தொகை இவ்வளவென்று நிச்சயமான கடன். உங்கள் நட்டமோ இன்னும் கணக்குப் பார்க்காதது. இரண்டையும் நீங்களாகவே கழித்துக்கொள்ள முடியாது. கட்டாமல் விட்டால் அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போடலாம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள்தான் எதிராளி ஆவீர்கள். “என் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

அடுத்தது, நீங்கள் ‘நிர்வாகம்’ என்று சொல்வது சட்டப்படி யார்? வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். கூட்டாதனத் திட்டப்படம் (எது தனி வீடு, எது பொதுப் பகுதி என்று காட்டும் தொடர்மாடிப் படம்) காணிப் பதிவகத்தில் பதிவாகியிருந்தால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தும். அப்போது வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று உண்டு. அது தன் பெயரிலேயே வழக்காடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம். கூரை போன்ற பொதுப் பகுதிகளை நல்ல நிலையில் வைத்திருப்பது அதன் கடமை. பதிவே இல்லாமல் நாலு பேர் கூடி நடத்தும் சங்கம் என்றால் கதை வேறு: கட்டிடத்தைக் கட்டி விற்றவரையும், துளைக்கச் சொன்னவர்களையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டி வரும்.

பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொந்தராத்துக்காரனைக் கேளுங்கள் என்பது பதிலே அல்ல. அவருக்கு வேலை கொடுத்தது நீங்கள் இல்லை. துளை போட்ட இடத்துக்கு நீர்க்காப்புப் பூசினார்களா, வேலையை யாராவது மேற்பார்த்தார்களா என்பது நிர்வாகத்தின் சொந்தக் கவனக்குறைவைக் காட்டும் கேள்விகள். வழக்கு என்று வந்தால் இருவரையும் எதிராளிகளாகச் சேர்ப்போம், பங்கை அவர்களுக்குள் பிரிக்கட்டும்.

காணி, வீடு என்றதும் நம் ஊரில் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை இழுப்பார்கள். இதற்கு அது தேவையில்லை. கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம்தான். அதில் பணத்தால் அளக்கக்கூடிய இழப்பே கணக்கு. சீலிங் திருத்தும் செலவு, மெத்தை, அலுமாரி, அந்த அறையில் இருக்க முடியாமல் வேறிடத்துக்குக் கொடுத்த வாடகை எல்லாம் கேட்கலாம். பழைய மெத்தைக்குப் புது மெத்தையின் விலை கிடைக்காது. கூறைச்சேலைக்கும் பெறுமதி கேட்கலாம், ஆனால் அது உங்கள் கூறைச்சேலை என்பதற்கு இந்த வழக்கில் காசு இல்லை. எனக்கும் அது மனவருத்தம்தான்.

நட்டம் கூடாமல் பார்க்கும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. அலுமாரியை நகர்த்துங்கள், ஒழுகும் இடத்தில் வாளி வையுங்கள். ஆனால் பெயின்ற் மட்டும் அடித்துவிடாதீர்கள். முதலில் ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து, மேலே சோலார்ச் சட்டகத்தின் அடியில் நிறம் கலந்த தண்ணீர் தேக்கச் சொல்லுங்கள். அதே நிறம் உங்கள் சீலிங்கில் கசிந்தால் அந்தப் படமும் அவருடைய எழுத்து அறிக்கையும் பாதி வழக்கு. சோலாருக்கு அனுமதி கொடுத்த கூட்டத்தின் அறிக்கைப் பிரதியையும், கட்டடக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள். காப்புறுதி இதற்குப் பொருந்தினால் பாதிச் சண்டை குறையும்.

காலத்தில் கவனம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம்தான். ஒழுகிய ஐப்பசியிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு, ஆனாலும் துளைத்த ஆவணியிலிருந்தே எண்ணி வையுங்கள். “அடுத்த கூட்டத்தில் பேசுவம்”, “மாரி முடியட்டும்” என்று நிர்வாகம் இழுத்தடிப்பதால் அந்தக் காலம் நிற்காது.

இப்போதே பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். செயலாளரின் பெயருக்கு வேண்டாம், கூட்டுத்தாபனத்தின் பெயருக்கு எழுதுங்கள். அவர் மேல் தனிப்பட்ட குற்றச்சாட்டு இல்லையென்றால் சொந்தமும் கெடாது. பிரதியொன்றைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு முறைப்பாட்டோடு அனுப்பலாம். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தாலே சில நிர்வாகங்கள் விழித்துக்கொள்ளும்.

தொகை சட்டத்தில் சொன்ன எல்லைக்குள் இருந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகுமுன், இரு தரப்பையும் பேசி இணங்கவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழோடுதான் வழக்கு. சபையில் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேசவேண்டும். ஆகவே படங்கள், பற்றுச்சீட்டுகள், பொறியியலாளர் அறிக்கை எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கிக்கொண்டு போங்கள்.