அழித்து அழித்துக் கிழிந்த கொப்பி

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. எழுதியது 'சரியாக வரவில்லை' என்று அழிறப்பரால் அழித்து அழித்து எழுதுவதில் கொப்பித் தாளே கிழிந்துவிடுகிறது. இரவில் "அம்மா, உங்களுக்கு ஒன்றும் நடக்காதுதானே?" என்று கேட்பான். "நடக்காது மகன்" என்று நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் கணவரும் படலைப் பூட்டை எட்டுப் பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பவர். ஆனால் அது வீண்வேலை என்று தானே சொல்லிச் சிரிப்பார். இரண்டும் ஒரே வருத்தமா? வளர வளர மாறிவிடுமா?
- ஒரு தாய், பரந்தன்

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதத்தை மட்டும் வைத்து இருவருக்கும் நோய்ப் பெயர் சூட்டுவது முறையல்ல. ஆயினும் நீங்கள் விவரிப்பவை ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் சாயலில் இருக்கின்றன. இந்நோய் பெரும்பாலும் பத்து வயதை அண்டியோ, இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுகிறது; சிறுவயதில் தொடங்குவது ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பங்களில் தொடர்ந்து வரும் தன்மையும் அதற்கு உண்டு.

முக்கியமான வேறுபாடு உங்கள் கணவரின் சிரிப்பில் இருக்கிறது. பெரியவர்களில் பலருக்குத் தாம் செய்வது மிகை என்று தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததால் வெட்கப்பட்டு, வருடக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். பிள்ளைக்கு அந்த விலகிநின்று பார்க்கும் பார்வை பெரும்பாலும் இருப்பதில்லை. ஏன் அழிக்கிறாய் என்று கேட்டால் 'சரியாக வரவில்லை' என்பதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை. அது பிடிவாதமல்ல, அவனுக்குத் தெரிந்த முழு உண்மையே அதுதான். பெரியவரின் செயலுக்குப் பின்னால் 'கள்ளன் வந்துவிடுவானோ' என்பது போன்ற தெளிவான எண்ணம் பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளிடமோ எண்ணம் எதுவும் சொல்லத் தெரியாமல் செயல் மட்டும் நிற்பதுண்டு. கண் சிமிட்டல், தொண்டை செருமல், தோள் குலுக்கல் போன்ற தன்னிச்சையான அசைவுகளும் பிள்ளைகளிடம் கூடவே வரக்கூடும். இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். தொண்டை அழற்சிக்குப் பின் ஓரிரு நாளில் திடீரெனத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பூட்டை உங்கள் கணவர் தனியாக இழுத்துப் பார்க்கிறார். மகனின் சடங்கிலோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்தே ஆகவேண்டிய அந்தச் செயலிலோ, நீங்களும் ஒரு பங்காளி. நீங்கள் மூன்று தடவை சொல்லும் அந்தச் சொல் பத்து நிமிட நிம்மதியைக் கொடுத்துவிட்டு, நாளைய கேள்விக்குத் தீனி போடுகிறது. ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள். அவனோடு பேசி, இந்தக் கிழமை இரண்டு தடவை, அடுத்த கிழமை ஒரு தடவை என்று குறைத்து வாருங்கள்.

வன்னியில் இதைப் பிரித்தறிவது சற்றுக் கடினம். மிதிவெடிக்குப் பயந்து காலடியைப் பார்த்து வைக்கும்படி ஒரு தலைமுறைக்கே கற்பிக்கப்பட்ட மண்ணில், சரிபார்ப்பதெல்லாம் நோயாகிவிடாது. ஆபத்தில்லை என்று கண்டதும் எச்சரிக்கை அடங்கிவிடும், ஓ.சி.டி.யோ அப்படிக் கண்ட பிறகும் அடங்காது. 2009இற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த உங்கள் மகனின் பயத்தை 'யுத்தப் பாதிப்பு' என்று யாராவது சொல்லி முடித்துவிட்டால் அதை அப்படியே ஏற்க வேண்டாம்.

தானாக மாறுமா? சிலருக்குத் தணிகிறது, பலருக்குக் கூடிக் குறைந்து தொடர்கிறது. ஆகவே காத்திருக்க நான் சொல்லமாட்டேன். நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனாலோ, படிப்பு கெட்டாலோ சிகிச்சை வேண்டும். பயப்படும் நிலைமையைப் படிப்படியாக எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதே இரு வயதினருக்கும் அடிப்படைச் சிகிச்சை. பிள்ளையென்றால் பெற்றோரும் அதில் இருக்க வேண்டும். 2004இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 112 பேரிடம் நடந்த ஆய்வில், இத்தகைய பயிற்சியையும் செர்ட்ரலின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியே கொடுத்ததைவிடக் கூடிய பலன் கிடைத்தது. மருந்தின் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 கிழமைகள் செல்லலாம். இரண்டாம் கிழமையிலேயே 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது அந்தக் கிழிந்த கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். பூட்டு விடயத்தைச் சொல்ல உங்கள் கணவரும் கூட வந்தால் நல்லது.