வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சின்ன வீடு, பெயின்ட் வாடை போகவில்லை, செடி வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடியை மட்டும் நம்பாதீர்கள். 1989-ல் நாசா செய்த ஆய்வில் செடிகள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற கெட்ட வாயுக்களைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்தது. 2019-ல் வந்த ஒரு மறுஆய்வின்படி, கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக, சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும். அப்புறம் நாம் எங்கே உட்காருவது? வாடை போக, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

இருந்தாலும் செடி வையுங்கள், மனதுக்கு அவ்வளவு இதம். என் தேர்வு ஸ்பைடர் பிளான்ட். இந்த நாட்டு மண்ணிலேயே பிறந்தது, நாய் கடித்தாலும் விஷமில்லை. மணி பிளான்ட் அப்படியல்ல, கடித்தால் வாய் எரியும்.

பெரும்பாலான செடிகள் சாவது தண்ணீர் அதிகமாகித்தான். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும், குட்டிக் கொசு போன்ற பூச்சியும் வரும். ஜூன், ஜூலை குளிரில் இன்னும் குறைவாக ஊற்றினால் போதும். இங்கே வெயில் வடக்கு ஜன்னலில்தான் விழும். அதிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். இலைத் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள்.

ஸ்பைடர் பிளான்ட்டின் நீண்ட தண்டு நுனியில் குட்டிச்செடி தொங்கும். அடியில் வெள்ளையாக வேர்முளை தெரிந்ததும் நறுக்கி வேறு தொட்டியில் நடுங்கள், பிடித்துக்கொள்ளும்.