பெரிய வீடும் புதுப் பூனையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காப்பகத்திலிருந்து பூனையைக் கூட்டி வந்தவர்கள் சிலர் ஒரே சமயத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் செட்டிநாட்டுப் பக்கம் பூனையைத் தேடிப் போய் எடுத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே மனசுக்கு நிறைவாக இருக்கிறது. தனித்தனியாக எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒருவர் கேட்டது இன்னொருவருக்கும் உதவும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்: ஓய்வு பெற்று ஐயா காலத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டோம், டாக்டரம்மா. சென்னையில் ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் பூனையைக் கொண்டுவந்தோம். இவ்வளவு பெரிய வீடு, இஷ்டம்போல் சுற்றட்டும் என்று முகப்பிலேயே கூடையைத் திறந்துவிட்டோம். ஒரே ஓட்டம். மூன்று நாளாகச் சாமான் அறையில் பத்தாயத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ராத்திரி வைக்கிற சாப்பாட்டில் கொஞ்சம் குறைகிறது, பகலில் கண்ணிலேயே படுவதில்லை. எங்களைப் பிடிக்கவில்லையோ?

உங்களைப் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிக்கும் நிலைக்கே அது இன்னும் வரவில்லை. பயந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். முகப்பில் நின்று பார்த்தால் பட்டாலைக் கூடம், நடுமுற்றம் உள்ள வளவு, அதன் பின்னால் இரண்டாங்கட்டு என்று நிலைக்குப் பின் நிலையாகக் கடைசிவரை தெரிவது நம் வீடுகளின் அழகு. காப்பகக் கூண்டிலிருந்து வந்த பூனைக்கு அது ஒளிய இடமில்லாத வெட்டவெளி. பூனை ஓர் இடத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, மூக்கால் படிக்கிறது. தன் வாசனை துளிகூட இல்லாத இடம் அடுத்தவர் எல்லை. அங்கே அகப்படாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

அதனால் வீட்டைச் சின்னதாக்குங்கள். பூனை தானாக ஓர் அறையைத் தேர்ந்துகொண்டது, அதுவே இருக்கட்டும். பத்தாயத்துக்குப் பின்னால் கைவிட்டு இழுக்காதீர்கள். சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதையே பூனையின் அறையாக்கிவிடுங்கள். ஒரு மூலையில் மலம், சிறுநீர் கழிக்க மணல் தட்டு, எதிர்மூலையில் சாப்பாடு, அதிலிருந்து கொஞ்சம் தள்ளித் தண்ணீர். பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று, உள்ளே நீங்கள் கட்டிப் பழகிய கண்டாங்கிச் சேலையின் கிழிசல் ஒன்று. துவைக்காத துணியாக இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் வாசனை அதில்தான் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை. பழைய டிரங்குப் பெட்டிகளிலும் பீரோக்களிலும் அந்துருண்டை போட்டிருப்பீர்கள். அதை எடுத்துவிடுங்கள், பூனைக்கு அது விஷம். எலி மருந்து எங்காவது வைத்திருந்தால் அதையும்.

அப்புறம் தினமும் மூன்று நான்கு தடவை உள்ளே போய்த் தரையில் உட்காருங்கள். பூனையைப் பார்க்க வேண்டாம். பேப்பரை எடுத்து மெதுவாக, சத்தம் கேட்கும்படி படியுங்கள். என்னிடம் இருந்த ஒரு சாம்பல் நிறப் பூனை முதல் இரண்டு நாள் மரப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மீசைநுனி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் கண் தெரிந்தது. நான் அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் அதேபோல் மூடித் திறந்தது. பூனை பாஷையில் அது ‘உன்னால் எனக்குப் பயமில்லை’ என்கிற மாதிரி. ஐந்தாம் நாள் சுவரை ஒட்டியே வந்து என் விரல் நுனியில் ஈரமூக்கை வைத்துவிட்டு ஓடியது. அடுத்த நாள் கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்தது. அப்படித் தேய்க்கும்போது கன்னத்துச் சுரப்பிகளிலிருந்து அதன் வாசனை மரத்தில் ஏறும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த அறைக்குக் கதவைத் திறந்தேன். நீங்களும் அதற்காகக் காத்திருங்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் உரிமை என்று ஒரு கணக்கு உண்டு. சில பூனைகள் முந்தும், சில பிந்தும்.

ராத்திரி சாப்பிடுகிறது என்பது நல்ல செய்தி. வளர்ந்த பூனை 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இரண்டு நாளைத் தாண்டவே விடக்கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலையே கெடுத்துவிடும். பருத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். தும்மல், கண்ணில் நீர் வடிதல் தெரிந்தாலும் காட்டுங்கள். காப்பகத்தில் தொற்றிய சளிக்காய்ச்சல் புது இடத்துப் பதற்றத்தில் முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் தலைகாட்டும்.

காரைக்குடியிலிருந்து: வந்த அன்றே குளிப்பாட்டலாமா? காப்பக வாடை அடிக்கிறது.

வேண்டாம். அந்த வாடை ஒன்றுதான் இப்போது அதற்குத் தெரிந்த சொந்தம். ஈரத்துணியால் துடைப்பதைக்கூட ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சி இருந்தால் நாய்க்கு வாங்கிய மருந்தை மட்டும் தடவிவிடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: நாங்கள் சைவம். பாலும் தயிர்ச்சாதமும் வைக்கிறோம். பக்கத்து வீட்டில் கோழிக்குழம்பு கொடுத்தால் அதையும் ஊற்றுகிறோம். வயிறு கழிந்துகொண்டே இருக்கிறது.

ஆச்சி, நீங்கள் பிரியமாகத்தான் வைக்கிறீர்கள், ஆனால் அதன் வயிறு வேறு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கலாம். இன்றே நிறுத்திவிடுங்கள். ஒரு நாளில் நிற்காவிட்டாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தயிர்ச்சாதம் ஒரு வாய் நக்கினால் கேடில்லை, ஆனால் அதை நம்பிப் பூனை வாழ முடியாது. டாரின் என்றொரு சத்து பூனைக்குக் கட்டாயம் வேண்டும். அது கறி, மீனில்தான் இருக்கிறது. தொடர்ந்து கிடைக்காமல் போனால் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும்.

வீட்டில் கறி சமைக்க வேண்டியதில்லை. கடையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனியில் டாரின் சேர்த்தே வருகிறது. தனிக் கிண்ணத்தில் போட்டு வீட்டின் வேறொரு பக்கம் வைத்தால் உங்கள் அடுப்படிக்கு அது வரவேண்டியதே இல்லை. காப்பகத்தில் என்ன தீனி போட்டார்கள் என்று கேட்டு முதல் வாரம் அதையே கொடுங்கள். மாற்றுவதானால் பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றலாம்.

குழம்புதான் எனக்கு ரொம்பக் கவலையாக இருக்கிறது. நம் பக்கத்துக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும், அரைத்தாலும், பொடியானாலும் அந்தக் குணம் போகாது. பக்கத்து வீட்டார் கொடுக்க ஆசைப்பட்டால், உப்பும் மசாலாவும் சேர்க்கும் முன்னரே எலும்பில்லாத வெந்த துண்டு இரண்டை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம். இன்னொன்று: உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை போதும், பூனை பிழைக்காது.

பள்ளத்தூரிலிருந்து: மணல் தட்டு வைத்தும் வளவு மூலையில் தூணடியிலேயே சிறுநீர் கழிக்கிறது. பினாயில் ஊற்றிக் கழுவிப் பார்த்துவிட்டோம். என்ன செய்ய?

முதலில் பினாயிலை நிறுத்துங்கள். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு நஞ்சு. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். வினிகர் ஊற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். நம் வீட்டுத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல், புளிப்புப் பட்டால் பளபளப்புப் போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவி நன்றாகத் துடையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் சிறுநீர் வாடையை உடைக்கும். வாடை மிச்சமிருந்தால் அங்கேயேதான் மறுபடி வரும்.

தட்டு எங்கே இருக்கிறது? ஆள் நடமாட்டமுள்ள வழியிலோ சாப்பாட்டுக்குப் பக்கத்திலோ இருந்தால் நகர்த்துங்கள். பூனை உடம்பு முழுவதும் திரும்ப இடமுள்ள அகலமான தட்டு, இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சலித்த மணல், தினம் இரண்டு தடவை அள்ளிப் போடுதல். இவ்வளவு செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது தட்டு ஒன்றை அந்தத் தூணடியிலேயே வைத்து, பழகியபின் தினம் ஓரடி நகர்த்துங்கள். ஆண் பூனை அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் இருந்தால் அது வேறு விஷயம். குழாய் அடைத்திருக்கும். காலையில் பார்த்ததை மாலைவரை தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கோட்டையூரிலிருந்து: தலைப்பிரசவத்துக்கு மகள் வருகிறாள். பூனையைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

அனுப்ப வேண்டியதில்லை. பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை நினைத்து. அது பூனையின் மலத்தில் வெளிவந்தாலும், பிறருக்குத் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டை உங்களில் ஒருவர் தினமும் சுத்தம் செய்யுங்கள், மகள் தொட வேண்டாம். பூனைக்குப் பச்சைக் கறி வேண்டாம், வெளியே வேட்டைக்கும் விட வேண்டாம். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் வழியாகவும் இது வரும் என்பதால் அதிலும் கவனம் வேண்டும். வீட்டில் பூனை இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கண்டனூரிலிருந்து: எட்டு வயது மகனைப் பூனை பிறாண்டிவிட்டது. அப்பத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார்கள். போதுமா?

போதாது. எந்தப் பிறாண்டலையும் கடியையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. இதைப் படித்த கையோடு மகனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் மகனுக்கு ஊசி வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அப்பத்தாவைக் குறை சொல்ல வேண்டாம், அவர் காலத்துக் கைவைத்தியம் அது.

புதுவயலிலிருந்து: வந்து நான்கு வாரம் ஆகிறது. இப்போது எங்கள் மடியிலேயே தூங்குகிறது. வளவில் விடலாமா? மேலே திறந்த வெளி.

நான்கு வாரத்தில் மடிக்கு வந்திருக்கிறது என்றால் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வளவில் விடலாம், ஆனால் மேலே பார்த்துவிட்டு விடுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பூனையை ஒரே வாரத்தில் வளவில் விட்டேன். வெளியே யாரோ வெடி போட்டார்கள். அது மரத்தூணில் நகம் பதித்து ஏறி, தாழ்வாரத்து ஓட்டின் மேல் போய், அடுத்த வீட்டு ஓட்டுக்குத் தாவிவிட்டது. இரண்டு ராத்திரி கிண்ணத்தைத் தட்டிக்கொண்டே தெருத்தெருவாக அலைந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டுத் திண்ணையடியில் கிடைத்தது. அந்த இரண்டு ராத்திரியை இன்னும் மறக்கவில்லை.

வளவின் மேல் கம்பி போட்டிருந்தாலும் இடைவெளி பெரிதாக இருந்தால் பூனை நுழைந்துவிடும், கொசுவலைக் கம்பியை அதன்மேல் இழுத்துக் கட்டுங்கள். அது முடியாவிட்டால் மார்போடு சேர்த்து மாட்டும் பெல்ட் போட்டு, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு விடுங்கள். கருத்தடை இன்னும் ஆகாமல் இருந்தால் அதை முடித்த பிறகே விடுங்கள். தடுப்பூசிச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். முதல் தடவை விடுவது சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும், பசி இருந்தால் கூப்பிட்டதும் வரும். தீனி டப்பாவைக் குலுக்கிக் கூப்பிட்டுப் பழக்குங்கள். ஐந்து நிமிடம் போதும், அப்புறம் பத்து. சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் விடாதீர்கள், வெயில் விழுகிற தரை பாதத்தைச் சுட்டுவிடும். அந்த நேரத்தில் அதுவே தாழ்வாரத்து நிழலில் குளிர்ந்த ஆத்தங்குடிக் கல்லில் வயிற்றை அப்பி நீட்டிப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள்.