ஆசிரியர் கேட்கிறார்: ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வி எதற்கு?

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ‘புரிஞ்சுதா?’ என்றால் ‘புரிஞ்சுது மிஸ்’ என்று வகுப்பே சொல்கிறது. தேர்வில் பாதிப் பேருக்கு ஒன்றும் வருவதில்லை. கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள்.
– ஆசிரியை, கானாடுகாத்தான்

‘புரிஞ்சுதா?’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். புரியாத பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். அதற்குப் பதில், தவறான விடையே தவறின் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்படி ஒரு கணக்குக் கொடுங்கள்.

12 அடிக்கு 10 அடி அறை. தரையில் பதிக்க 8 அங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல் எத்தனை வேண்டும்? 1) 270 2) 180 3) 22½.

சரியான விடை 270. 180 என்ற பிள்ளை 8 அங்குலத்தை ⅔ அடி என்று சரியாகவே மாற்றியிருக்கிறது. ஆனால் கல்லின் பரப்பு காணாமல் 120-ஐ அப்படியே ⅔-ஆல் வகுத்துவிட்டது. 22½ என்ற பிள்ளை சதுர அடியைச் சதுர அங்குலமாக்க 144-க்குப் பதில் 12-ஆல் பெருக்கியிருக்கிறது. முன்னதற்கு ஒரு கல்லை வரைந்து நீளம், அகலம் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். பின்னதற்கு ஓரடிச் சதுரத்தில் 12 வரிசை, வரிசைக்கு 12 கட்டம் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொன்னால் வீண்.

விடையை வாயால் சொல்ல விடாதீர்கள். நோட்டில் போட்டுப் பார்க்க 3 நிமிடம் கொடுத்து, ‘காட்டு’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில், விடையின் எண் எத்தனையோ அத்தனை விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து மாற்ற முடியாது. பெரும்பாலோர் சரி என்றால் மேலே போங்கள். பாதிக்குப் பாதி என்றால், விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடம் வாதாட விட்டு மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். நாலைந்து பேர்தான் சரி என்றால் பேச விட்டுப் பயனில்லை. நீங்களே வேறு வழியில் நடத்த வேண்டும்.

வாய்மொழிக் கேள்வியில் முதலில் கேள்வி, பிறகு 3 விநாடி மௌனம், கடைசியில்தான் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதையே நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன. அந்த மௌனம் முதல் வாரம் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

நடத்திய பாடம் ஒரே மாதத்தில் மறந்துபோகிறது. திரும்ப நடத்தவா?
– ஆசிரியர், தேவகோட்டை

வேண்டாம். பாடவேளையின் முதல் 5 நிமிடம், புத்தகத்தை மூடிவைத்து மூன்று கேள்வி: நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் பார்த்து எழுதுவார்கள். விடையை உடனே சொல்லி, அவரவரே திருத்தட்டும்.