புகார் எந்த ஸ்டேஷன் மேலோ, அதுவே விசாரிக்கலாமா?

கேள்வி: ஐயா, போன மாதம் விடிகாலையில் போலீஸார் வந்து, நாட்டுத் துப்பாக்கி இருக்கிறதென்று வீட்டைச் சோதனை போட்டார்கள். பீரோவை நெம்பி, கேழ்வரகு மூட்டைகளைக் கிழித்துக் கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு சீட்டுகூடத் தரவில்லை. மேலதிகாரிக்கு மனு கொடுத்தேன். அது அதே ஸ்டேஷனுக்கே வந்து, ‘முகாந்திரம் இல்லை’ என்று முடிந்துவிட்டது. வெளியாள் யாரும் பார்க்க மாட்டார்களா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, யார் மேல் புகாரோ அவர்களே எழுதிக்கொடுத்ததை நான் விசாரணை என்று ஏற்க மாட்டேன். நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடப் போன வனத்துறையினரும் போலீஸாரும் வீடுகளைச் சூறையாடினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு 1995-ல் வழக்கை சிபிஐயிடம் கொடுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 2011-ல் தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. ஸ்டேஷனே விசாரித்திருந்தால் இது நடந்திருக்குமா?

நீங்கள் முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 105-வது பிரிவுப்படி, சோதனையை வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வாரண்ட் இல்லாமல் வந்திருந்தால், சோதனைக்கான காரணத்தை எழுதி, 48 மணி நேரத்துக்குள் அதன் நகலை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் (அதே சட்டம், 185-வது பிரிவு). வீட்டுக்காரர் மனு போட்டால் அந்த நகல் இலவசம். அப்படி எதுவும் வந்து சேரவில்லை என்றால், அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள். மகஜர், அதாவது சோதனையின்போது சாட்சிகளை வைத்து எழுதும் குறிப்பு, இருந்தால் சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் இருவர் போட்டிருக்க வேண்டும். முன்பின் தெரியாத பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பீரோவை இப்போதைக்கு ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டாம், போட்டோ எடுத்து வையுங்கள்.

காவல் புகார் ஆணையம் இல்லையா என்று கேட்பீர்கள். மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் அது வேண்டும் என்று 2006-ல் காவல் துறைச் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்தின் 2013-ம் வருடச் சட்டமோ கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராக உட்கார வைத்தது. தன் ஆட்கள் மேல் வரும் புகாரைத் தானே எப்படி எடைபோடுவார்? எனக்கு இது மனம் ஆறவேயில்லை. நீதிபதி வேண்டும் என்று சொன்ன இடத்தில் நீதிபதியே இருக்க வேண்டும்.

அதனால் சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். தலைமை வகிப்பவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். அப்புறம், தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.