பாடம் நடக்கும் காட்சிகள்

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஷேக்ஸ்பியர் காட்சிகள் போடப்போகிறேன். இருபது நிமிடம்தான். 'இளமையும் கல்வியும்' என்பது தலைப்பு. 'உலகமே நாடகமேடை' வசனத்தையே எல்லோரும் சொல்கிறார்கள். வேறென்ன எடுக்கலாம்?
– ஓர் ஆங்கில ஆசிரியை

பதில்: அதை விட்டுவிடுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு நத்தையாக ஊர்ந்து பள்ளிக்குப் போகும் சிறுவன் அதில் வருகிறான், சரி. ஆனால் ஒரு பிள்ளை பேச, மற்றவர்கள் சும்மா நிற்கவேண்டியிருக்கும். மேடையிலேயே பாடம் நடக்கிற காட்சிகளாகப் பாருங்கள்.

என் முதல் தேர்வு 'ஐந்தாம் ஹென்றி', மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. பிரெஞ்சு இளவரசி கேத்தரின், தோழி ஆலிஸிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறாள். கை, விரல், நகம் என்று தொட்டுக் காட்டிக் காட்டிப் பாடம் போகிறது. 'எல்போ' இவள் வாயில் 'பில்போ' ஆகிறது, 'சின்' என்ற மோவாய் 'ஸின்' என்ற பாவமாகிறது. காட்சி பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பிரெஞ்சு வசனங்களைத் தமிழில் பேசவிட்டு, அவள் படிக்கும் இங்கிலீஷ் சொற்களை மட்டும் அப்படியே வையுங்கள். பெற்றோர்கள் ஒரு வரி விடாமல் ரசிப்பார்கள். கடைசியில் வரும் 'ஃபுட்', 'கவுன்' இரண்டும் பிரெஞ்சுக் காதுக்குக் கெட்ட வார்த்தைகள். அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

நடிக்கும் பெண்ணிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். இதற்கு முந்தைய காட்சியில்தான் பிரான்சின் ஹார்ஃப்ளர் நகரம் இங்கிலாந்துப் படையிடம் சரணடைகிறது. அதற்கும் முன்பே அப்பா இவளை இங்கிலாந்து ராஜா ஹென்றிக்குக் கட்டிக்கொடுக்கப் பேசிவிட்டார். பொழுதுபோகாமல் அவள் படிக்க உட்காரவில்லை. இது தெரிந்தால் அந்தப் பெண்ணின் நடிப்பே மாறும்.

அடுத்து, 'வின்ட்ஸரின் குறும்புக்கார மனைவியர்', நான்காம் அங்கம், முதல் காட்சி. பாதிரியார் எவன்ஸ், வில்லியம் என்ற பொடியனிடம் லத்தீன் கேட்கிறார். "லாபிஸ் என்றால்?" "கல்." "கல் என்றால்?" "கூழாங்கல்." இல்லையாம், 'லாபிஸ்' என்றே சொல்ல வேண்டுமாம்! நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேற்றுமைப் பாடத்தில், பக்கத்தில் நிற்கும் வேலைக்காரி குவிக்லி அம்மா தப்பாகக் கேட்டுக்கொள்ளும் கொச்சை வரிகளை மட்டும் வெட்டுங்கள்.

பையன்கள் நிறைய இருந்தால் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' தொடக்கத்தைச் சேர்க்கலாம். மூன்று வருடம் பெண்களைப் பார்க்காமல், இரவில் மூன்றே மணி நேரம் தூங்கிப் படிப்போம் என்று ராஜாவும் நண்பர்களும் சத்தியம் செய்யும் இடம்.

முடிவுக்கு 'டெம்பெஸ்ட்', முதல் அங்கம், இரண்டாம் காட்சி. பேசக் கற்றுக்கொடுத்தேனே என்று மிராண்டா சொல்ல, அதனால் எனக்குக் கிடைத்த லாபம் சபிக்கத் தெரிந்ததுதான் என்கிறான் அவர்கள் வீட்டு அடிமை காலிபன். சில பதிப்புகளில் மிராண்டாவின் அந்தப் பேச்சை அப்பா பிராஸ்பெரோ பேசுவார். 1623 முதல் தொகுப்பில் அது மிராண்டாவுடையது, அவளுக்கே கொடுங்கள். சற்று முன்னால் வரும், அவளிடம் அவன் அத்துமீற முயன்ற பேச்சு இந்த வயதுக்கு வேண்டாம். காலிபனாக நடிப்பவனைக் கத்தவிடாதீர்கள். அந்த வரியை அவன் நிதானமாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.