க்ளென் முடிந்த குழந்தைக்கு ஃபான்டன் எப்போது?

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. பிறந்த நான்காம் நாள் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்து எக்கோ எடுத்தபோது, மூவிதழ் வால்வே உருவாகவில்லை என்றும், அதனால் வலது கீழறை வளரவில்லை என்றும் சொன்னார்கள். ஒன்பதாவது மாதத்தில் சென்னையில் க்ளென் என்னும் அறுவைச் சிகிச்சை நடந்தது. வீடு திரும்பியபோது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம் இருந்தது. இப்போது 78 காட்டுகிறது. எடை பன்னிரண்டரை கிலோ. அடுத்து ஃபான்டன் என்னும் இன்னோர் அறுவைச் சிகிச்சையும் செய்ய வேண்டும் என்கிறார்கள். “ஓடியாடி விளையாடுகிற பிள்ளையை எதற்கு மறுபடியும் கத்தியில் வைக்கிறீர்கள்” என்று என் மாமியார் கேட்கிறார். இதைத் தள்ளிப்போடலாமா? செய்துவிட்டால் முழுதாகக் குணமாகிவிடுமா? பள்ளிக்கு அனுப்பலாமா? அடுத்த மாதம் கொடைக்கானலில் என் தம்பிக்குத் திருமணம். அவளை அழைத்துப் போகலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நன்றாக இருப்பதாகத் தெரியும் குழந்தையை மேசையில் கிடத்துவதற்குத் தக்க காரணம் வேண்டும். அந்தக் காரணம் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எண்களிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, உங்கள் மகளின் உடலில் இரத்தம் இப்போது எந்த வழியாக ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 

இயல்பான இதயத்தில் வலது கீழறை, உடலிலிருந்து திரும்பி வரும் கெட்ட இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இடது கீழறை, சுத்தமான இரத்தத்தை உடலுக்குத் தள்ளுகிறது. உங்கள் மகளுக்கு வலது மேலறையிலிருந்து கீழே இறங்கும் கதவே இல்லை. ஆகவே கெட்ட இரத்தம் மேலறைகளுக்கு இடையே உள்ள துளை வழியாக இடப்பக்கம் போய், நல்ல இரத்தத்தோடு கலந்து, ஒரே கீழறையால் உடலுக்கும் நுரையீரலுக்கும் பங்கிடப்படுகிறது. சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் பங்கு மிகக் குறைவாக இருக்கும். அவர்களுக்குப் பிறந்த சில நாட்களிலேயே சிறு குழாய் ஒன்றைப் பொருத்தவோ, பிறந்தபின் தானாக மூடப் பார்க்கும் நாளத்தில், திறந்தே இருக்கும்படி ஸ்டென்ட் வைக்கவோ நேரும். வேறு சிலருக்கு அது அளவுக்கு மீறிப் போகும். அவர்களுக்கு நுரையீரல் தமனியைச் சுற்றிப் பட்டை கட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டும் தேவைப்படாமல் நேராக க்ளென் வரை வர முடிந்திருக்கிறது என்றால், அந்தப் பங்கீடு இயற்கையாகவே ஓரளவு சரியாக அமைந்திருந்தது என்று பொருள். அது நல்ல தொடக்கம்.

க்ளென் சிகிச்சையில் தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையை இதயத்திலிருந்து பிரித்து, நேராக நுரையீரல் தமனியோடு தைத்துவிடுகிறார்கள். மேலுடலின் இரத்தம் இதயத்துக்குள் நுழையாமலேயே நுரையீரலுக்குப் போய்விடுவதால், ஒற்றைக் கீழறையின் சுமை குறைகிறது. ஆனால் வயிறு, கால்கள் ஆகியவற்றின் இரத்தம் பழையபடி இதயத்துக்கு வந்து கலந்துகொண்டுதான் இருக்கிறது. க்ளென் முடிந்த குழந்தைக்கு 80-க்கும் 85-க்கும் இடையில் அளவு நிற்பது இதனால்தான்.

அப்படியானால் 84 ஏன் 78 ஆயிற்று? கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கால்கள் சிறியவை. இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தில் ஏறக்குறைய பாதி மேலுடலிலிருந்தே வருகிறது. குழந்தை வளர வளரக் கால்கள் நீள்கின்றன, ஓட்டமும் ஆட்டமும் கூடுகின்றன, கீழுடலின் பங்கு ஏறுகிறது. கலக்கும் கெட்ட இரத்தத்தின் விகிதமும் அதோடு ஏறுகிறது. இன்னொரு காரணம் பலருக்கும் வியப்பாக இருக்கும். கல்லீரலைக் கடந்து வரும் இரத்தத்தில் நுரையீரலின் நுண்நாளங்களை ஒழுங்காக வைத்திருக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. க்ளென் அமைப்பில் அந்த இரத்தம் நுரையீரலை நேரடியாகச் சென்றடைவதில்லை. ஆண்டுகள் போகப்போக, சில குழந்தைகளின் நுரையீரலில் ஆக்சிஜன் ஏறாமலே இரத்தம் கடந்துபோகும் குறுக்குவழி நாளங்கள் முளைக்கின்றன. ஃபான்டன் செய்து கல்லீரல் இரத்தத்தையும் நுரையீரலுக்குத் திருப்பினால் அவை பெரும்பாலும் சுருங்குகின்றன. பல ஆண்டுகள் விட்டுவிட்டால் சுருங்குவதும் கடினமாகிறது.

வீட்டில் அளவு பார்க்கும்போது விரல் குளிர்ந்திருந்தாலோ, நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தாலோ கருவி தவறான எண்ணைக் காட்டக்கூடும். குழந்தை அழாமல் உட்கார்ந்திருக்கும்போது, வெதுவெதுப்பான விரலில், எண் நிலைத்து நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தும் 78 தான் என்றால், தள்ளிப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதக் கணக்கில் ஆயத்தம் செய்துகொள்ளலாம். ஆண்டுக் கணக்கில் காத்திருக்கக் கூடாது. அளவு 85-ல் நிலைத்து நிற்கும் குழந்தையாக இருந்திருந்தால் இன்னும் ஓராண்டு பொறுப்போம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். மருத்துவர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. ஃபான்டனின் பக்கவிளைவுகள் அறுவைச் சிகிச்சை நடந்த நாளிலிருந்தே மெல்லச் சேரத் தொடங்குவதால், முந்துவதில் நன்மை இல்லை; மேலே சொன்ன காரணங்களால் பிந்துவதிலும் நன்மை இல்லை.

ஆயத்தம் என்றேன். முதலில் கேத் பரிசோதனை (இரத்த நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்ப்பது) செய்து நுரையீரல் தமனியின் அழுத்தத்தை அளப்பார்கள். அந்தச் சராசரி அழுத்தம் பாதரச அளவில் 15 மில்லிமீட்டருக்குள் இருப்பதும், தமனிக் கிளைகள் குறுகாமல் இருப்பதும், கீழறை வலுவாகச் சுருங்குவதும், வால்வில் பெரிய கசிவு இல்லாதிருப்பதும் வேண்டும். அடுத்தது பல். சொத்தைப் பற்கள் இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள். பல் பிடுங்குவதற்கோ ஈறு கீறப்படும் எந்தச் சிகிச்சைக்கோ முன்பாக, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குமுன் ஆன்டிபயாட்டிக் மருந்தை ஒரு வேளை கொடுத்தாக வேண்டும். மூன்றாவது இரும்புச்சத்து. ஆக்சிஜன் குறைவாக உள்ள குழந்தைக்கு உடல் அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டும். 15, 16 என்று இருப்பதே இவளுக்கு இயல்பு. ஆய்வக அறிக்கையில் 11.5 என்று வந்து, பக்கத்தில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருந்தாலும், உங்கள் மகளைப் பொறுத்தவரை அது இரத்தசோகைதான். இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்ட பல அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஃபான்டன். பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரில் ஃபிரான்சிஸ் ஃபான்டன் 1968-ல் முதன்முதலாக இதைச் செய்து, 1971-ல் வெளியிட்டார். அவர் கையில் எடுத்தது உங்கள் மகளுக்கு இருக்கும் இதே குறையைத்தான். அவருடைய குழு பின்னர் வகுத்த பத்து விதிகளில், நோயாளியின் வயது நான்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. பிற்காலத்தில் அது தளர்ந்தது. இன்று பெரும்பாலும் இதயத்துக்கு வெளியே, 16 முதல் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள செயற்கைக் குழாய் ஒன்றை வைத்துக் கீழ்ப்பெருஞ்சிரையை நுரையீரல் தமனியோடு இணைக்கிறார்கள். வளர்ந்த பிறகும் போதுமான அளவுக் குழாயை இப்போதே வைக்க இடம் வேண்டும் என்பதால்தான் எடை 12, 13 கிலோ ஆகும்வரை காத்திருக்கிறார்கள். சில வேளைகளில் அந்தக் குழாய்க்கும் மேலறைக்கும் இடையே நான்கைந்து மில்லிமீட்டர் துளை ஒன்றை விட்டுவைப்பார்கள். அழுத்தம் ஏறினால் அது வடிகாலாக உதவும், அதற்கு ஈடாக ஆக்சிஜன் அளவு சற்றுக் குறையும்.

இது முழுக் குணமா? இல்லை. இதை மறைத்துச் சொல்லும் மருத்துவரை நம்பாதீர்கள். ஃபான்டன் முடிந்தபின் அளவு 90-களுக்கு ஏறும், உதட்டின் நீலம் மறையும், அவள் ஓட்டத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். ஆனால் இரண்டாவது கீழறை வந்துவிடுவதில்லை. அது இல்லாமலேயே வாழ்வதற்கான ஏற்பாடுதான் இது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடவில்லை, தொட்டியின் மட்டம் தரும் அழுத்தமே தண்ணீரைத் தள்ளுகிறது. அதுபோலச் சிரைகளில் தேங்கி நிற்கும் அழுத்தமே இனி இரத்தத்தை நுரையீரலுக்குள் தள்ளும். மட்டம் குறைந்தால் குழாய் சொட்டத் தொடங்கும்; மட்டம் எப்போதும் உயர்ந்தே நின்றால் சுவர் ஈரம் காக்கும். ஃபான்டன் செய்துகொண்டவரின் வாழ்க்கையில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

மட்டம் குறைவது என்பது வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விளையாடுவது ஆகியவை. மற்றக் குழந்தைக்கு ஒரு நாள் வாந்தி சாதாரணம், இவளுக்கு அப்படியல்ல. க்ளென் நிலையில் இருக்கும் இப்போதும் இது பொருந்தும். வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். குடிப்பது வயிற்றில் தங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே சிரைவழித் திரவம் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளும்படி செவிலியரிடம் சொல்லுங்கள். இரத்தம் கலக்கும் இதயத்தில் அந்தக் குமிழி மூளைக்குப் போகக்கூடும். எந்தச் சிறு அறுவைச் சிகிச்சைக்கும் வெறும் வயிற்றோடு வெகுநேரம் காக்க வைக்காமல், அன்றைய பட்டியலில் முதல் ஆளாக எடுக்கச் சொல்வதும், மயக்க மருத்துவரிடம் ‘ஒற்றைக் கீழறை’ என்று வாய்திறந்து சொல்வதும் உங்கள் பொறுப்பு. காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீலம் பூத்த குழந்தைகளுக்கு மூளையில் சீழ்க்கட்டி வரும் வாய்ப்பு உண்டு.

சுவர் ஈரம் காப்பது மெதுவாக நடப்பது. கல்லீரல் ஆண்டுக்கணக்கில் விம்மி நின்று தழும்பு கட்டலாம். ஆகையால் எக்கோவோடு கல்லீரல் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் காலமுறைப்படி தொடர வேண்டும். சிலருக்குக் குடல் வழியாகப் புரதம் கசியும். முகமும் வயிறும் உப்பி, கூடவே மலம் இளகிப் போனால், பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிராமல் இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தின் அளவைப் பாருங்கள். இருமலில் மூச்சுக்குழாயின் வடிவிலேயே இரப்பர் போன்ற வார்ப்பு வெளிவந்தால் அதைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத்துடிப்பு தாறுமாறாவதைச் சிறு குழந்தை வயிற்றுவலி என்றுதான் சொல்லும். வெளிறி, சோர்ந்து, நெஞ்சு படபடவென்று அடித்தால் உடனடியாக ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இத்தனையும் எல்லோருக்கும் வருவதில்லை. சிகிச்சை முடிந்து பத்து ஆண்டுகளைக் கடந்து வாழ்வோர் இன்று பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். உலகில் ஃபான்டன் முடிந்தவர்கள் 50,000 முதல் 70,000 வரை இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெருவாரியானவர்கள் வளர்ந்து வேலைக்குப் போகும் வயதை எட்டிவிட்டார்கள் அல்லது எட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலருக்கு நடுவயதில் இதய மாற்று தேவைப்படலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்து வடிவது வழக்கம். ஒரு வாரம், சில நேரம் மூன்று வாரம்கூட நெஞ்சுக் குழாயோடு இருக்க நேரும். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அப்போது பயப்பட வேண்டாம். விடுப்பையும் தங்குமிடத்தையும் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் அல்லது வார்ஃபரின் தருவார்கள். வார்ஃபரின் என்றால் முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் கொடுத்து இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்துக்கொண்டால் போதும், நாட்டு மருந்தும் கஷாயமும் மட்டும் கேட்காமல் கூடாது. ஆஸ்பிரின் என்றால் சின்னம்மை, ஃப்ளூ தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். அந்த நோய்களின்போது ஆஸ்பிரின், அரிதாக, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் கோளாறை உண்டாக்கும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயக் குறைகளுக்கான சிகிச்சைகளுக்கு இடமுண்டு என்பதால், கேத் பரிசோதனைக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் பேசிவிடுங்கள். ஆண்டுக்கு எத்தனை ஃபான்டன் செய்கிறீர்கள் என்று மருத்துவக் குழுவிடம் கேட்கவும் தயங்காதீர்கள்.

பள்ளிக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஆசிரியருக்குக் கடிதம் ஒன்று கொடுங்கள்: தண்ணீர் பாட்டில் கையருகே இருக்கட்டும், கழிப்பறைக்குக் கேட்டவுடன் விடுங்கள், களைத்து உட்கார்ந்தால் எழுப்ப வேண்டாம், விளையாட்டை விட்டு ஒதுக்கவும் வேண்டாம். ஃபான்டனுக்குப் பின் நடையும் சைக்கிளும் அவளுக்கு மருந்துக்கு நிகர். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையிலுள்ள இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. தசை வலுவானால் இல்லாத கீழறைக்கு அது கைகொடுக்கும். வீட்டுப் படிக்கட்டில் குதிகாலைத் தூக்கி நிற்கும் விளையாட்டைக்கூடப் பழக்கலாம்.

அடுத்த குழந்தைக்கு ஆசை இருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதய எக்கோ எடுங்கள். மீண்டும் ஏதேனும் இதயக் குறை வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு முதல் ஐந்துவரை.

கடைசியாகக் கொடைக்கானல். அது 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும்போது நுரையீரல் நாளங்கள் இறுகும். மோட்டார் இல்லாத இந்த அமைப்பில் அது நேராக ஓட்டத்தைக் குறைக்கும். சமவெளியில் 78 காட்டும் குழந்தைக்கு அங்கே 70-க்கும் கீழே இறங்கலாம். குளிரும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். ஃபான்டன் முடிந்து அளவு ஏறியபின், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மலைக்குப் போகலாம். இந்தத் திருமணத்துக்கு நீங்கள் இருவரும் போய் வாருங்கள். மகள் பாட்டியோடு கீழேயே இருக்கட்டும். பாட்டிக்கு ஓ.ஆர்.எஸ். கரைக்கும் முறையையும், விரலில் கருவி மாட்டி எண் படிப்பதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.